கொல்லிமலையில் மாளிகையா? வெளிநாட்டு அண்ணன்மாரே, கொஞ்சம் நில்லுங்க!

"மேகம் தொட்டுப் போகும் இடத்தில் உங்களுக்கு ஒரு பங்களா! மிளகுக் கொடி, காப்பிச் செடி, பலாமரம் எல்லாம் சேர்த்தே தருகிறோம். வெளிநாடு வாழ் தமிழர்களுக்குத் தனிச் சலுகை! முதலில் வருபவருக்குப் பத்திரச் செலவு இலவசம்!"

இந்த மாதிரி விளம்பரம் இப்போது செல்போனில் பறக்கிறது. துபாய், ஷார்ஜா, சிங்கப்பூர் என்று எங்கெங்கே நம்ம ஆட்கள் இருக்கிறார்களோ அங்கெல்லாம் போகிறது. பாலைவன வெயிலில் நின்று வேலை பார்க்கிறவனுக்கு மலைக் காற்றைக் காட்டினால் ஆசை வராதா? வரத்தான் செய்யும். அவனைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தை எந்தப் புரோக்கரும் வாய் திறந்து சொல்வது இல்லை. அந்த விளம்பரத்தில் இருக்கிற தோட்டத்து வீட்டை, அந்த வெளிநாட்டு அண்ணன் சட்டப்படி வாங்கவே முடியாது!

ஆமாம். அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 1999-ல் வந்தது. 2000-ம் ஆண்டு ஜூன் 1-ந்தேதி அமலுக்கு வந்தது. வெளிநாடு வாழ் இந்தியர் இங்கே வீடு வாங்கலாம், கடை வாங்கலாம், அடுக்குமாடியில் பிளாட் வாங்கலாம். எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கக் கூடாதது மூன்று. விவசாய நிலம், தோட்டப் பயிர் நிலம், பண்ணை வீடு. ரிசர்வ் வங்கி தனியாக அனுமதி கொடுத்தால் ஒழிய இந்த மூன்றிலும் கை வைக்கக் கூடாது. அப்பா, தாத்தா சொத்து வாரிசு முறையில் வந்தால் வைத்துக்கொள்ளலாம். வெளிநாடு போவதற்கு முன்னால் வாங்கியதையும் வைத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்கக் கூடாது. தானப் பத்திரமாக எழுதி வாங்குவதும் கூடாது.

கொல்லிமலையில் விலைக்கு வருகிற இடம் என்ன இடம்? மிளகும் காப்பியும் பலாவும் வாழையும் மரவள்ளியும் விளைகிற காடு. விளம்பரத்திலேயே மிளகுக் கொடி இருக்கிறதே! வேறு என்ன சாட்சி வேண்டும்?

மச்சான் பேர்

இப்படி விற்கிற புரோக்கர் ஒருவருக்கு, வாங்குகிற ஆள் மாதிரி போன் போட்டேன்.

"அண்ணா, நான் ஷார்ஜாவுல இருக்கேன். என் பேருக்கு பத்திரம் ஆகுமா?"

"தாராளமா ஆகுமுங்க. உங்க பேருக்கு சிக்கல்னா இங்க யார் பேர்லயாச்சும் போட்டுக்கலாமுங்க. மச்சான் இருக்காரில்ல? அவர் பேர்ல போட்டுட்டு ஒரு பவர் எழுதி வாங்கிக்குங்க. எல்லாரும் அப்படித்தானுங்க பண்றாங்க!"

எவ்வளவு சுலபம் பாருங்கள்! பணம் ஷார்ஜாக்காரர் பணம். பத்திரம் மச்சான் பேரில். இதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது. பினாமி!

1988-ல் வந்த பினாமி தடுப்புச் சட்டத்தை 2016-ல் கடுமையாக்கினார்கள். ஓர் ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை ஜெயில். சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். சொத்தும் பறிமுதல். கணக்கில் வந்த பணத்தில் பெண்டாட்டி பேரிலோ பிள்ளை பேரிலோ வாங்கினால் பினாமி ஆகாது. உடன்பிறந்தவர், பெற்றவர் பேரில் வாங்கினால் உங்கள் பேரும் சேர்ந்து பத்திரத்தில் இருக்கவேண்டும். மச்சானுக்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது.

இன்னொன்றையும் கேளுங்கள். நாளைக்கு மச்சான் மனசு மாறி, "இது என் நிலம், நீங்க யாரு?" என்று கேட்டால்? கோர்ட்டுக்குப் போய், "பணம் என்னுடையது, நிலத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள்" என்று கேட்க அந்தச் சட்டம் விடாது. பங்களாவுக்கு ஆசைப்பட்டு அக்காள் புருஷனோடு ஜென்மப் பகை! கிரைம் நியூஸ் எழுதுகிறவன் சொல்கிறேன். சொத்துத் தகராறில் நடக்கிற வெட்டு குத்து பலவும் இப்படி நம்பிக் கொடுத்த வீட்டில்தான் ஆரம்பிக்கிறது.

தன் பேரிலேயே வாங்கிவிட்டால்? அதற்கு அன்னியச் செலாவணிச் சட்டம் இருக்கிறது. போட்ட பணத்தைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம்.

விற்கிறவர் யார்?

இதுவரை வாங்குகிறவர் கதை. விற்கிறவர் கதையை யாரும் கேட்பது இல்லை.

காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலை. மேலே இருக்கிற ஊராட்சிகள் எல்லாம் நாடுகள்தான். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு! வெளிநாட்டில் இருந்து வருகிறவர் கடைசியில் இன்னொரு நாட்டில்தான் இடம் தேடுகிறார். அங்கே இருக்கிற ஜனங்களுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்து மலையாளி அல்ல, மலையை ஆள்கிறவர். அரசுப் பட்டியலில் பழங்குடியினர். சாமை, தினை, கேழ்வரகு போட்டுப் பிழைத்தவர்கள். இப்போது மிளகு, காப்பி, மரவள்ளி.

இவர்களுக்கு அரசு ஒப்படை செய்து கொடுத்த நிலம் உண்டு. அதை மற்றவருக்கு இஷ்டம்போல் மாற்றக் கூடாது என்று வருவாய் வாரிய நிலையாணை 15, பிரிவு 40 சொல்கிறது. சொந்தப் பட்டா நிலத்துக்கு அந்தக் காப்பு இல்லை. ஆந்திராவில் பழங்குடிப் பகுதி நிலத்தைப் பழங்குடி அல்லாதவர் வாங்க முடியாதபடி 1970-ல் இருந்தே சட்டம் இருக்கிறது. அங்கே அரசு நிலத்தைக்கூட வெளியாருக்குக் குத்தகை விடக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1997-ல் சமதா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று ஒரு சென்ட் இடம்கூட அறிவிக்கப்படவில்லை. அதனால்தான் புரோக்கர் வேன் தைரியமாக மலை ஏறுகிறது.

சோளக்காட்டில் ஒரு பெரியவர் சொன்னார்:-

"மக கல்யாணத்துக்குக் காசு வேணும்னு குடுத்துட்டேன் தம்பி. காசு ரெண்டு வருசம்கூட நிக்கல. இப்ப வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு என் பலாமரத்தப் பாத்துட்டுப் போறேன். பழம் கீழ விழுந்து அழுகுது. எடுக்க ஆளில்ல. எனக்கு எடுக்கவும் மனசு வரல."

வாங்கியவர் வருடத்துக்கு ஒரு தடவை வருவார், பத்து நாள் இருப்பார். மீதி நாள் எல்லாம் பூட்டு!

சுவிஸ் மலை

"பணம் போடுகிறவனைத் தடுத்தால் மலை எப்படி முன்னேறும்?" என்று கேட்கிறார்கள். சரி, பணக்கார நாடுகள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம்.

சுவிட்சர்லாந்தில் மலைக்குக் குறைச்சலா, பணத்துக்குக் குறைச்சலா? அங்கே வெளிநாட்டுக்காரர் விடுமுறை வீடு வாங்குவதைக் கட்டுப்படுத்தி 1983-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். போதாது என்று 2012 மார்ச்சில் ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். எந்த ஊரிலும் இரண்டாவது வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று முடிவாயிற்று. வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீடு அவர்கள் ஊரையும் அப்படிப் படுத்தியிருக்கிறது! சிங்கப்பூரில் வெளிநாட்டுக்காரர் வீடு வாங்கினால் 2023 ஏப்ரலில் இருந்து விலையில் 60 சதவீதம் கூடுதல் முத்திரை வரி. இவ்வளவு தூரம் போவானேன்? இமாசலப் பிரதேசத்தில் 1972 சட்டப்படி விவசாயி அல்லாத ஆள் அரசு அனுமதி இல்லாமல் விவசாய நிலம் வாங்க முடியாது. சொந்த நாட்டுக்காரனுக்கே இந்தக் கதி!

நம்ம சேலத்துப் பணக்காரரும் துபாயில் பிளாட் வாங்குகிறார். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 2½ லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். அந்தக் கணக்கை வங்கியில் மேனேஜர் துருவித் துருவிக் கேட்கிறார். பான் கார்டு கேட்கிறார், படிவம் கேட்கிறார். இங்கே பத்திர ஆபீசில் மட்டும், "நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள்? இது என்ன வகை நிலம்?" என்று அழுத்திக் கேட்கக் கூடாதா?

என்ன செய்யலாம்?

வெளிநாட்டு அண்ணன்மார் முதலில் 'அ' பதிவேட்டைப் பார்க்கட்டும். ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டே அரசு இணையதளத்தில் பார்க்கலாம். நிலம் என்ன வகை என்று அதிலேயே இருக்கும். வில்லங்கச் சான்றையும் அப்படியே எடுக்கலாம். விவசாய நிலம் என்று இருந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். ஊரில் வீடுதான் ஆசை என்றால் சேலத்திலோ நாமக்கல்லிலோ அங்கீகாரம் பெற்ற மனையில் ராஜாவாட்டம் கட்டுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்? மலைக் காற்று வேண்டும் என்றால் லீவுக்கு வந்து மலைக்காரர் வீட்டில் வாடகைக்குத் தங்குங்கள். அந்தக் காசு அவருக்குப் போகும், மரமும் அவரிடமே இருக்கும்.

அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. கொல்லிமலையில் ஒப்படை நிலம் எந்தெந்த சர்வே நம்பர் என்று தாலுகா ஆபீசில் பட்டியல் இல்லாமல் இருக்காது. அதைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒவ்வொரு நாட்டு ஊராட்சி ஆபீஸ் சுவரிலும் ஒட்டுங்கள். பத்திர ஆபீஸ் வாசலில் ஒரு பலகை வையுங்கள். "வெளிநாடு வாழ் இந்தியர் விவசாய நிலமும் பண்ணை வீடும் வாங்க முடியாது" என்று அதில் எழுதுங்கள். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், பெயிண்ட் டப்பா ஒன்று போதும். சனிக்கிழமை வேன் ஏறுவதற்குள் வைத்தால் இன்னும் நல்லது.