கோபுரத்தில் சொல்ல வேண்டியதும் பெட்டியில் பூட்ட வேண்டியதும்



சிவகங்கை மாவட்டத்துத் திருக்கோஷ்டியூரைப் பற்றி வைணவ மரபில் ஒரு கதை உண்டு. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் ஓர் இரகசிய மந்திரத்தைக் கற்பதற்காக, இராமானுசர் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை வந்தாராம். "யாருக்கும் சொல்லாதே" என்ற நிபந்தனையுடன் கற்றவர், கோயில் கோபுரத்தில் ஏறி, ஊரறிய அதை உரக்கச் சொல்லிவிட்டாராம்.

"மந்திரத்தையே மறைக்காத மண்ணில், வீட்டு வை-ஃபைக்கு மட்டும் எதற்குப் பூட்டு?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால், பரப்ப வேண்டியது வேறு, காக்க வேண்டியது வேறு என்பதே என் கருத்து. பூட்டின் அமைப்பு உலகுக்கே தெரியட்டும். சாவி மட்டும் உங்களிடம் இருக்கட்டும்!

இது புதிய கருத்தன்று. 1883-ஆம் ஆண்டிலேயே கெர்க்காஃப்ஸ் என்ற அறிஞர் இதை எழுதினார். சங்கேத முறை எதிரியின் கையில் சிக்கினாலும் தீங்கு நேரக் கூடாது. சாவி ஒன்றே இரகசியமாக இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதி.

வானொலி அலைகள் சுவரோடு நிற்பதில்லை. உங்கள் வீட்டு ரவுட்டர் பேசுவது தெருவிலும் கேட்கும். ஆகவே 1997-இல் வை-ஃபைக்கான தரம் உருவானபோதே, 'டபிள்யூ.இ.பி.' என்ற பூட்டும் உடன் வந்தது. ஆனால் சங்கேதக் கலை வல்லுநர்கள் அதைப் போதிய அளவு சோதித்துப் பார்க்கவில்லை. 2001-இல் மூன்று ஆய்வாளர்கள் அதன் அடிப்படைப் பலவீனத்தை வெளியிட்டார்கள். பூட்டு பயனற்றுப் போயிற்று.

இதற்கு நேர்மாறானது 'ஏ.இ.எஸ்.' முறை. 1997-இல் அமெரிக்கத் தர நிறுவனம் ஒரு பகிரங்கப் போட்டியை அறிவித்தது. 15 முறைகள் களம் இறங்கின. உலக வல்லுநர்கள் ஒவ்வொன்றையும் உடைக்க முயன்றனர். இறுதியில் பெல்ஜியத்தைச் சேர்ந்த டேமன், ரைமென் ஆகிய இருவரின் முறை தேர்வாயிற்று. 2004-இல் வந்த 'டபிள்யூ.பி.ஏ.2' இதைத்தான் பயன்படுத்துகிறது. கோபுரத்தில் ஏறிச் சொல்லப்பட்ட முறையே உறுதியாக நின்றது, பார்த்தீர்களா?

சாவியைக் காக்காவிட்டால் என்ன ஆகும்? 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. அதையொட்டி வந்த மிரட்டல் மின்னஞ்சலைத் தொடர்ந்து சென்ற போலீசார், நவி மும்பையில் ஒரு வீட்டை அடைந்தனர். அந்த வீட்டாரின் பூட்டாத வை-ஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். குற்றம் ஒருவருடையது, விசாரணையோ வேறொருவர் வாசலில்!

நம் ஊர்களில் பலர் கைபேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைக்கிறார்கள். கணக்கிட்டுப் பாருங்கள். 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்திலக்க எண்கள் 400 கோடி. ரவுட்டருடன் உங்கள் கைபேசி இணையும்போது நடக்கும் உரையாடலை ஒருவன் பதிவு செய்துகொண்டால் போதும். தன் கணினியில் விநாடிக்குப் பத்து லட்சம் எண்களைச் சோதிக்கலாம். 4,000 விநாடிகளில், அதாவது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், எல்லா எண்களும் தீர்ந்துவிடும்! ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கண்ணை மூடிக்கொண்டு அகராதியில் தொட்டு எடுத்துக் கோத்துப் பாருங்கள். அந்தக் கணினி ஆயுள் முழுதும் தேடினாலும் கிடைக்காது.

ஆகவே இன்றே வீட்டுப் பெரியவர்களின் அனுமதியுடன் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'டபிள்யூ.பி.ஏ.3' (2018-இல் வந்தது) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், இல்லையேல் 'டபிள்யூ.பி.ஏ.2, ஏ.இ.எஸ்.' போதும். அமைப்புப் பக்கத்துக்குத் தொழிற்சாலை கொடுத்த கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். தயாரிப்பாளர் வெளியிடும் திருத்தங்களை ஏற்றுக்கொள்ளுங்கள். 2017-இல் டபிள்யூ.பி.ஏ.2-இலும் ஒரு குறை கண்டறியப்பட்டு, இத்தகைய திருத்தங்களால்தான் சரிசெய்யப்பட்டது.

அப்படியானால் பகிர்ந்து கொள்ளும் பண்பு என்னாவது? செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். வந்தவர் அமரத் திண்ணை உண்டு. அதற்காக உள்ளே இருக்கும் பெட்டகத்தை யாரும் திறந்து வைப்பதில்லை. பல ரவுட்டர்களில் விருந்தினருக்கெனத் தனி இணைப்பு இருக்கிறது. அதற்குத் தனிக் கடவுச்சொல் வைத்து, வருபவருக்குக் கொடுங்கள். அதுவே உங்கள் வை-ஃபையின் திண்ணை.

இராமானுசர் கோபுரத்தில் ஏறி அறிவைப் பரப்பினார். நீங்களும் இந்த அறிவைப் பத்து வீடுகளுக்குச் சொல்லுங்கள். ஆனால், உங்கள் வீட்டுச் சாவியைக் கோபுரத்தில் தொங்கவிடாதீர்கள்!