சாகும் நாற்றுகளும் திருப்பூர்த் தண்ணீரும்

மாடியில் கருகும் மிளகாய் நாற்றைப் பற்றி இலக்கிய ஆர்வலர்கள் கூடும் பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். திருப்பூர்க்காரர்களுக்கு இக்கேள்வி எழாது. இவ்வூரில் ஒரு நாற்று சாகும்போது அதன் பின்னே ஒரு நதியின் வரலாறு இருக்கக்கூடும். நீரை அளவுக்கு மேல் ஊற்றிய கை மட்டுமே இருக்கவும் கூடும். எது என்று பார்க்காமல் பூஞ்சண மருந்தை வாங்கித் தெளிப்பதும், பார்க்காமலேயே சாயப்பட்டறையைச் சபிப்பதும் ஒரே சோம்பலிலிருந்து பிறப்பவை என்பது என் கருத்து.

பத்துப் பதினைந்து ஆண்டுகளாக மாடித்தோட்டம் நகரங்களில் பரவலாகி வருகிறது. நிழல்வலையோ பாலித்தீன் தாளோ கொண்டு சிறு குடில் அமைக்கிறார்கள். குழித்தட்டுகளில் தென்னை நார்க்கழிவையும் மண்புழு உரத்தையும் நிரப்பித் தக்காளி, கத்தரி, மிளகாய் விதைக்கிறார்கள். விதை முளைக்கிறது, இரண்டு இலை விடுகிறது, பிறகு சாகிறது. உரக்கடைக்குப் போனால் ஒரு பொட்டலம் கொடுப்பார்கள். அது பலிக்காவிட்டால் அடுத்த வாரம் வேறொரு பொட்டலம். என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்ற கேள்வி மட்டும் அங்கே எழுவதேயில்லை.

மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த வரிசையை நாம் மேடைகளில் ஓயாமல் சொல்கிறோம். நோய் எது என்று அறிவது முதலில், அதன் காரணம் அடுத்து, தணிக்கும் வழி அதற்கும் பிறகு. நாற்றங்காலில் மட்டும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறோம்.

நாற்று சாகும் விதத்தைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். நாற்றழுகல் நோய் என்பது பித்தியம், ரைசோக்டோனியா முதலிய கிருமிகளால் வருவது. நேற்று மாலை நிமிர்ந்து நின்ற செடி காலையில் சாய்ந்து கிடக்கும். மண்ணை ஒட்டிய தண்டுப்பகுதி நீர் கோத்து, மெலிந்து, நூல்போல ஆகியிருக்கும். இலை அப்போதும் பச்சையாகவே இருக்கும். தட்டின் ஒரு மூலையில் தொடங்கித் திட்டுத்திட்டாகப் பரவும். நெருக்கமான விதைப்பு, எந்நேரமும் சொதசொதவென்ற ஈரம், காற்றோட்டமின்மை ஆகிய மூன்றும் சேர்ந்தால் இந்நோய்க்கு வேறு அழைப்பு வேண்டியதில்லை.

உப்பினால் வரும் சாவு வேறுவகை. அது மெதுவாக வரும். செடி வளராமல் நின்றுவிடும். இலை நுனியும் ஓரமும் தீயில் காட்டியதுபோல் பழுப்பேறும். காரணம் பொதுவாதலால் தட்டு முழுவதும் ஏறக்குறைய ஒன்றுபோல வாடும். குழிகளின் விளிம்பில் வெள்ளைப் பூச்சு படிந்திருக்கும். விரலால் தொட்டால் ஈரம் இருக்கும். செடியோ நீரின்றி வாடியதுபோல் நிற்கும். வேரைச் சுற்றியுள்ள நீரில் உப்பு மிகுந்தால் வேரால் அந்நீரை உறிஞ்ச இயலாது. கடல் நடுவே தாகத்தால் சாகும் மாலுமியின் நிலைதான் அதற்கும்.

இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் கேடு சிறிதன்று. வாடிய செடியைக் கண்டதும் நம் கை தானாகத் தண்ணீரைத் தேடுகிறது. அழுகல் நோயானால் அந்த நீர் கிருமிக்கு விருந்தாகும். உப்பானால், அதே உப்புநீர் இன்னும் கொஞ்சம் உப்பைச் சேர்க்கும். கணக்கு எளிது. லிட்டருக்கு 2000 மில்லிகிராம் உப்புள்ள நீரை நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வீதம் ஒரு குழித்தட்டில் தெளித்து, கீழே வடியவும் விடவில்லை என்றால் பத்து நாளில் 20 கிராம் உப்பு அதில் தங்கும். ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. இரண்டு கைப்பிடி சோற்றுக்கு இவ்வளவு உப்பைப் போட்டால் நாம் உண்போமா?

இந்த உப்பு எங்கிருந்து வந்தது என்பது திருப்பூரில் எல்லோரும் அறிந்த கதைதான். ஆயினும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்கு உப்பு வேண்டும். அடர்ந்த நிறமென்றால் சாயக்குளியலில் லிட்டருக்கு 60 கிராமும் அதற்கு மேலும் போடுவார்கள். உப்பு சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளிவிட்டுத் தான் துணியில் தங்காமல் கழிவுநீரோடு போய்விடுகிறது. பல்லாண்டுகள் அந்நீர் நொய்யலில் கலந்தது. சென்னிமலைக்கு அருகே 1992இல் பாசனத்துக்கென்று வந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. பாசனத்துக்காகக் காத்திருந்த உழவர்களே அணையைத் திறக்க வேண்டாம் என்று வேண்டும் நிலை வந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தீர்ப்பு நிறைவேறாத நிலையில் 2011 ஜனவரி 28 அன்று சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத சுத்திகரிப்பு முறையோடு அவை மீண்டும் இயங்கத் தொடங்கின. சுப்ரபாரதிமணியன் ‘சாயத்திரை’ நாவலில் எழுதிய ஊர் இதுதான்.

நீதிமன்றம் வெளியேற்றத்தைத்தான் நிறுத்த முடியும். நிலத்தடியில் ஏற்கெனவே இறங்கிய உப்பை எந்த ஆணையாலும் திரும்ப அழைக்க முடியாது. உப்பு மக்குவதில்லை, காய்ந்து மறைவதுமில்லை. மழைநீர் கரைத்துக் கொண்டுபோனால்தான் உண்டு. இந்நிலமோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் பாறைநிலம்.

ஆனால் இங்கே நிறுத்திவிட்டால் நானும் அந்தச் சோம்பலில் பங்குகொண்டவனாவேன். கொங்கு நாட்டின் பல கிணறுகளில் சாயத்துக்கு முன்பே உவர்ப்பு இருந்தது. நம் வீட்டுக் காரணங்களும் உண்டு. குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் நீரை வீணாக்கக் கூடாதென்று பலர் செடிக்கு ஊற்றுகிறார்கள். நல்லெண்ணம்தான், ஆயினும் கருவி பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்த நீரில்தான் இருக்கிறது. தரை கழுவலாம், நாற்றுக்கு ஆகாது. தென்னை நார்க்கழிவும் கழுவாமல் வந்தால் தன்னிலேயே உப்புடையது. கட்டியை ஊறவைத்து, நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பின்னரே பயன்படுத்த வேண்டும். மூடிய பாலித்தீன் குடில் இன்னொரு காரணம். வெப்பத்தைச் சிறைப்படுத்துவதற்கென்று குளிர்நாட்டார் கண்ட அமைப்பு அது. நமது சித்திரை வெயிலில் அதை மாடியில் கட்டினால் நாற்று வெந்துபோகும். இங்கே வேண்டியது காற்று புகுந்து வெளியேறும் நிழல்வலை மட்டுமே.

ஆகவே அளந்து பார்ப்போம். ஆர்.ஓ. கருவி விற்பவர் சட்டைப்பையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. உலக உணவு வேளாண்மை அமைப்பின் பாசன நீர் வழிகாட்டி, லிட்டருக்கு 450 மில்லிகிராம் வரை கரைந்த உப்பிருந்தால் எந்தப் பயிருக்கும் தடையில்லை என்றும், 2000க்கு மேற்பட்டால் கடுமையான கட்டுப்பாடு வேண்டும் என்றும் சொல்கிறது. தக்காளி சற்றுத் தாங்கும். மிளகாயும் வெங்காயமும் அதைவிடக் குறைவாக. அவரை இனம் மிகக் குறைவாக. மீட்டரும் இல்லையென்றால் இரண்டு தட்டுகள் போதும். ஒரே விதை, ஒரே ஊடகம், ஒரே நிழல். ஒன்றுக்கு ஆழ்துளைக் கிணற்று நீர். மற்றொன்றுக்குப் பிடித்து வைத்த மழைநீர் அல்லது மாநகராட்சிக் குழாயில் வரும் பவானி ஆற்று நீர். இரண்டு வாரத்தில் செடிகளே விடை சொல்லிவிடும். இரண்டு தட்டிலும் செத்தால் சாயப்பட்டறையை விட்டுவிட்டு, நம் கையையும் காற்றோட்டத்தையும் பார்க்க வேண்டியதுதான். அழுகல் நோய் என்று உறுதியானால் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைப்பதும், நீரைக் குறைப்பதும் கைகொடுக்கும்.

உப்பு என்று உறுதியானாலும் கைவிட வேண்டியதில்லை. ஒரு தட்டு நாற்றுக்கு நாளொன்றுக்கு ஓரிரு லிட்டர் நீரே அதிகம். ஐப்பசி மழையில் சில குடங்களை நிரப்பி மூடி வைத்தால் ஒரு மாத நாற்றங்காலுக்குப் போதும். மழைநீர் சேகரிப்பு தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது 2003இல். பல வீடுகளில் அந்தக் குழாய் இன்று எங்கே போய் முடிகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. முதலில் அதைத் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

மாடியில் பத்துச் செடி பிழைப்பதால் நொய்யல் மீளப்போவதில்லை, அறிவேன். ஆனால் ஒவ்வொரு வீடும் தன் கிணற்றின் எண்ணை அளந்து, தேதியோடு சுவரில் எழுதி வைக்குமானால், இந்நிலம் தேறுகிறதா மோசமாகிறதா என்பதற்கு நம்மிடமே ஒரு கணக்கு இருக்கும். நொய்யல் உழவர்கள் தங்கள் வாட்டத்தை வழக்காக மாற்றியபோது அவர்களுக்குத் துணைநின்றவை அளவுகளே. பழி சொல்வதற்கும் அளவு வேண்டும், மருந்து சொல்வதற்கும் அளவு வேண்டும்.