கம்பிக்கு வலிக்குமா?

கன்னிவாடியிலிருந்து திண்டுக்கல் போகிற வழியில் எங்காவது வீட்டு வேலை நடந்துகொண்டே இருக்கும். அங்கே கிடக்கிற 12 மி.மீ. கம்பியைப் பாருங்கள். 'எஃப்.இ. 500' ரகமென்றால், சுமார் 5.5 டன் எடையைத் தொங்கவிட்டாலும் தாங்கும். அப்போது 1 மீட்டர் கம்பி 2.5 மி.மீ. அளவுக்கு நீளும்; எடையை எடுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதற்கு மேல் நன்றாக இழுத்தால், நீண்டது நீண்டதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

இரும்பின் அணுக்கள் நாற்று நட்ட வரிசைபோல அடுக்கடுக்காக நிற்கின்றன. 1 மி.மீ.க்குள் சுமார் 50 லட்சம் அடுக்குகள்! இந்த இடைவெளியை அளக்கும் ஸ்கேல், எக்ஸ் கதிர். அடுக்குகளில் பட்டுத் திரும்பும் கதிர்கள் சில கோணங்களில் மட்டும் ஒன்றுசேர்ந்து பளிச்சிடும். இடைவெளி மாறினால் கோணமும் மாறும். இதுதான் 'விளிம்பு விளைவு'. இதை வைத்துப் படிகங்களை ஆராய்ந்ததற்காக பிராக் என்ற அப்பாவும் மகனும் 1915-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். மகனுக்கு அப்போது வயது 25!

ஆய்வகத்து எக்ஸ் கதிர் எஃகின் மேல்தோலோடு நின்றுவிடும். நியூட்ரான் கற்றையோ சில சென்டிமீட்டர் உள்ளே போகும். மும்பை டிராம்பேயில் 1985-ல் இயங்கத் தொடங்கிய 'துருவா' ஆய்வு உலையில் இதற்கான நியூட்ரான் கருவிகள் உள்ளன.

கம்பியை இழுத்துக்கொண்டே இப்படிப் பார்த்தால் தெரிவது இதுதான்: எஃகு ஒரே உடம்பு அல்ல, கோடிக்கணக்கான குறுமணிகளின் கூட்டுக் குடும்பம். ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு திசை பார்த்து நிற்கிறது. ஒரு திசையில் இருக்கும் விறைப்பு இன்னொரு திசையில் பாதிதான். அதனால் சுமையை எல்லா மணிகளும் சமமாகச் சுமப்பதில்லை. சில மணிகளில் அடுக்குகள் முதலில் வழுக்கும். உடனே மீதிச் சுமை மற்றவற்றின் தலையில் ஏறும். வழுக்கிய இடங்களில் அணு வரிசைகள் சிக்கலாகிவிடும். கூர்மையாக இருந்த பளிச்சிடல் அகலமாகிவிடுவதே அதற்கு அடையாளம்.

இதில் நமக்கென்ன?

மாடி கட்டுவதற்காக விட்டுவைத்த கம்பியை இடைஞ்சல் என்று வளைத்துவிட்டு, பிறகு நிமிர்த்துகிறார்கள். பார்க்க நேராகிவிடும், உள்ளே விழுந்த சிக்கல் போகாது. நிமிர்த்தும்போது இன்னும் கூடும். வளைவில் விரிசலும் விடலாம். நெருப்புக் காட்டி நிமிர்த்தினால், டி.எம்.டி. கம்பிக்குப் பலம் தரும் வெளிவளையமே இளகிப்போகும்.

வீடு கட்டுகிறவர்கள் மேஸ்திரியிடம் இதை மட்டுமாவது சொல்லிவையுங்கள்: வளைத்த கம்பியை நிமிர்த்த வேண்டாம்!