பொழுதுபோக்குக்கு மதிப்பெண் எதற்கு?

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் கேம்பஸ் இன்டர்வியூ காலம் வந்துவிட்டால், இறுதியாண்டு மாணவர்கள் அல்காரிதத்தோடு சேர்த்து இன்னொன்றையும் உருப்போடுகிறார்கள்: தங்களைப் பற்றிய சில நிமிடப் பேச்சு. பெயர், சொந்த ஊர், அப்பா பார்க்கும் வேலை, மதிப்பெண் சதவீதம், தெரிந்த கணினி மொழிகள், கடைசியாக “பாட்டுக் கேட்பது, கிரிக்கெட் விளையாடுவது என் பொழுதுபோக்குகள்”. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு, “என்ன மாதிரிப் பாட்டுப் பிடிக்கும்?” என்று கேட்கக்கூடும். மாணவரின் பதற்றத்தைத் தணிக்கும் சாதாரணக் கேள்வியாகவே இரு தரப்பும் இதை எடுத்துக்கொள்கின்றன. ஆனால், நிரல் எழுத ஆள் எடுக்கும் இடத்தில் ஒருவருடைய ரசனையை விசாரிப்பது தேவையற்றது. அந்தப் பதிலை வைத்து அவரை எடைபோடுவது அநியாயம். பொழுதுபோக்கு அறவே வேண்டாம் என்பதல்ல என் வாதம். அது ஒரு மனிதருக்கு எவ்வளவு முக்கியமோ, அவ்வளவுக்கு அதைத் தேர்வு மேசையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பதுதான்.

இந்த ஒரு வரிக்கு எவ்வளவு கனம் இருக்க முடியும் என்பதை அமெரிக்க ஆய்வொன்று காட்டுகிறது. சமூகவியலாளர்கள் லாரன் ரிவேரா, ஆண்ட்ராஸ் டில்சிக் இருவரும் 2016இல் வெளியிட்டது அது. 14 நகரங்களில் உள்ள 316 சட்ட நிறுவன அலுவலகங்களுக்கு, இல்லாத மாணவர்களின் பெயரில் விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பும் மதிப்பெண்ணும் பணி அனுபவமும் எல்லாவற்றிலும் ஒன்றே. குடும்பப்பெயர், பெற்ற உதவித்தொகை, பொழுதுபோக்கு என்று சில வரிகள் மட்டும் மாறின. வசதியான வீட்டுப் பிள்ளையாகத் தோன்ற வேண்டியவருக்குப் பாய்மரப் படகு, போலோ, மேற்கத்தியச் செவ்வியல் இசை. எளிய வீட்டுப் பிள்ளைக்கு ஓட்டப்பந்தயம், தெருக் கால்பந்து, அமெரிக்க நாட்டுப்புறத்து ‘கன்ட்ரி’ இசை. முதல் வகை ஆணுக்கு நூறு விண்ணப்பத்துக்குப் பதினாறு என்ற கணக்கில் நேர்காணல் அழைப்பு வந்தது. இரண்டாம் வகை ஆணுக்கு ஒன்றுதான். பெண்களுக்கோ வசதியான வீட்டுத் தோற்றமும் கைகொடுக்கவில்லை. அப்படிப்பட்டவர் குடும்பத்தைக் கவனிக்கப் பாதியில் வேலையை விட்டுவிடுவார் என்ற சந்தேகம் குறுக்கே நின்றது. சட்டம் தெரியுமா என்ற கேள்வி எழுவதற்கு முன்பே, அந்தச் சில வரிகள் வடிகட்டும் வேலையை முடித்துவிட்டன.

அது அமெரிக்க வழக்கறிஞர் உலகம், நம்மூர் ஐ.டி. துறைக்குப் பொருந்தாது என்று ஒதுக்கலாம்தான். ஆனால், நம் நாட்டுச் சான்று அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. சமூகவியலாளர்கள் சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் இருவரும் டெல்லி வட்டாரத்தில் பெரிய தனியார் நிறுவனங்களின் மனிதவள மேலாளர்கள் 25 பேரைச் சந்தித்து, 2007இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தகுதி ஒன்றையே பார்க்கிறோம் என்று சொன்ன அந்த மேலாளர்கள், அதே மூச்சில் விண்ணப்பதாரரின் ‘குடும்பப் பின்னணி’யைக் கேட்பதாகவும் சொன்னார்கள். நல்ல குடும்பத்தில் வளர்ந்தவர்தான் நல்ல ஊழியராக இருப்பார் என்பது அவர்கள் நினைப்பு. சாதியை நேரடியாகக் கேட்பது இன்றைய அலுவலகத்தில் அசிங்கம். ஊரையும் அப்பாவின் வேலையையும் பிடித்த பாட்டையும் கேட்பது நாகரிகம். தமிழ்நாட்டில் இசை என்பது வெறும் காதுக்கான சமாசாரமாக என்றுமே இருந்ததில்லை. டிசம்பர் சீசனுக்கு மயிலாப்பூர் சபாவுக்குப் போகிறவரும், வடசென்னையில் கானா கேட்டு வளர்ந்தவரும், பறையடிக்கக் கற்றவரும் ஒரே கணினி மொழியில் ஒரே தரத்தில் நிரல் எழுதலாம். ஆனால் “கர்நாடக சங்கீதம்” என்ற பதிலும் “கானா” என்ற பதிலும் கேட்பவர் மனதில் ஒரே படத்தை வரைவதில்லை. இது மாணவர்களுக்கும் தெரியும். “மெலடி பாட்டு” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வதில் இந்த எச்சரிக்கையும் கலந்திருக்கிறது.

கணினித் துறை இந்தத் தவற்றை ஏற்கெனவே ஒரு முறை செய்து, அதன் விலையையும் கொடுத்திருக்கிறது. 1960களில் அமெரிக்காவில் நிரலாளர்களுக்குக் கடும் தட்டுப்பாடு இருந்தது. நல்ல நிரலாளர் எப்படி இருப்பார் என்று அறிய வில்லியம் கேனன், டாலிஸ் பெர்ரி என்ற இரு உளவியலாளர்கள், அப்போது பணியில் இருந்தவர்களிடம் விருப்பு வெறுப்புகளைக் கேட்டு 1966இல் ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். புதிர்களை விடுவிப்பதில் ஆர்வம் உள்ளவர்கள், மனிதர்களோடு பழகுவதில் அக்கறை இல்லாதவர்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. அவர்கள் கேட்டறிந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அந்த நாளில் வேலையில் இருந்தவர்களுக்கு என்ன பிடித்திருந்தது என்பதற்கும், அந்த வேலைக்கு என்ன தேவை என்பதற்கும் உள்ள வேறுபாடு காணாமல் போனது. இத்தகைய அளவுகோல்களை நிறுவனங்கள் ஆள் எடுக்கப் பயன்படுத்தப் பயன்படுத்த, யாரோடும் ஒட்டாத ஆண்தான் அசல் நிரலாளர் என்ற பிம்பம் வலுப்பட்டது என்று வரலாற்றாசிரியர் நேதன் என்ஸ்மெங்கர் விளக்குகிறார். இருப்பவரின் ரசனையைத் தகுதியாக்கினால், இருப்பவரைப் போன்றவரே மறுபடி மறுபடி உள்ளே வருவார்.

இதற்கு முதலில் எழும் மறுப்பு, இசைக்கும் நிரலுக்கும் உள்ள உறவைப் பற்றியது. கணினி அறிவியல் மேதை டொனால்ட் கனூத் தன் வீட்டிலேயே பைப் ஆர்கன் வைத்து வாசிப்பவர். அவர் அந்த வாத்தியத்துக்கென்று எழுதிய பெரும் படைப்பு, 2018 ஜனவரியில் அவருடைய 80ஆவது பிறந்தநாளன்று சுவீடனில் அரங்கேறியது. அதே துறையின் இன்னொரு மேதை டெய்க்ஸ்ட்ராவுக்குப் பியானோவும் மோட்சார்ட்டும் உயிர். இப்படி அடுக்கிக்கொண்டு போகலாம். ஆனால், மேதைகளிடம் இசை இருந்தது என்பதிலிருந்து, இசை இருப்பவரிடம் மேதைமை இருக்கும் என்ற முடிவு பிறக்காது. வேலை நேரத்தில் இசை என்ன செய்கிறது என்று சோதித்த ஆய்வுகளும் ஒரே திசையில் பேசவில்லை. 1960களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனையை மென்பொருள் வல்லுநர்கள் டிமார்கோ, லிஸ்டர் இருவரும் தங்கள் ‘பீப்பிள்வேர்’ நூலில் விவரிக்கிறார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினர் அமைதியான அறையில், மற்றவர்கள் ஹெட்போனில் பாட்டுக் கேட்டபடி, ஒரே கணக்குக்கு ஃபோர்ட்ரான் மொழியில் நிரல் எழுதினார்கள். வேகத்திலும் பிழையின்மையிலும் வேறுபாடு இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருந்தது: எண்ணை நகர்த்து, வகு என்று பல படிகளைச் செய்து முடித்தால், உள்ளே போன எண்ணே வெளியே வரும். அதைக் கண்டுகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அமைதி அறைக்காரர்கள். மாறாக, ஆய்வாளர் தெரசா லெசியுக் கனடாவில் நான்கு நிறுவனங்களைச் சேர்ந்த 56 மென்பொருளாளர்களை ஐந்து வாரம் கவனித்து 2005இல் எழுதிய ஆய்வில், பாட்டை நிறுத்திய வாரத்தில்தான் வேலையின் தரம் தாழ்ந்தது, நேரமும் கூடுதலாகப் பிடித்தது. ஒருவருக்கு ஒத்துவருவது இன்னொருவருக்கு இடைஞ்சல் என்பதற்கு மேல் இதிலிருந்து எதையும் கறக்க முடியாது. வேலையில் இருப்பவருக்கு ஹெட்போனை அனுமதிக்க இது போதும். வேலைக்கு வருபவரைத் தரம் பிரிக்க இது உதவாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. பொழுதுபோக்காகவே நிரல் எழுதுபவரை எப்படி ஒதுக்க முடியும்? ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் இயங்குதளத்தை அறிவித்தபோது அதை ஒரு பொழுதுபோக்கு என்றுதான் சொன்னார். கிடோ வான் ராசம் பைதான் மொழியைத் தொடங்கியதும் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கழிப்பதற்காகத்தான். இன்றும் பல நிறுவனங்கள், வார இறுதியில் என்ன எழுதினீர்கள் என்று, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் உள்ள கணக்கைத் திறந்து பார்க்கின்றன. எழுதிய நிரலைப் படித்துப் பார்ப்பதில் குற்றம் இல்லை. அது வேலைக்கான நேரடிச் சான்று. ஆனால், அப்படி ஒன்று இல்லாதவருக்கு ஆர்வம் இல்லை என்று முடிவுகட்டுவது வேறு விஷயம். ஓய்வு நேரம் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஊதியமின்றி அதற்குச் செலவிடுவது நாளுக்கு 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். மாலையில் தம்பி தங்கையைக் கவனிக்கும் மாணவியும், பகுதிநேர வேலைக்குப் போய் ஃபீஸ் கட்டும் மாணவரும் சனி, ஞாயிறு நிரல்களைக் காட்ட முடியாமல் போனால், அது அவர்கள் திறமையைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

குழுவோடு ஒத்துப்போவாரா என்று பார்க்க வேண்டாமா, படிப்பை முடித்து நேரே வரும் ஃபிரெஷரிடம் வேறு என்னதான் கேட்பது என்று மனிதவளத் துறையினர் கேட்கலாம். ‘ஒத்துப்போவது’ என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் ரிவேராவே காட்டியிருக்கிறார். முன்னணி வங்கிகள், ஆலோசனை நிறுவனங்கள், சட்ட நிறுவனங்கள் ஆகியவற்றில் ஆள் எடுப்பவர்கள் 120 பேரிடம் பேசி அவர் 2012இல் எழுதிய கட்டுரை, தங்களைப் போலவே பொழுதைக் கழிப்பவர்களை அவர்கள் விரும்பித் தேர்ந்ததைச் சொல்கிறது. ஒத்துழைப்பைச் சோதிக்க நேரான வழி இருக்கிறது: பிழையுள்ள ஒரு சிறு நிரலைக் கொடுத்து, அந்தப் பிழையை எப்படித் தேடுவீர்கள் என்று சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். இறுதியாண்டு புராஜெக்டில் நண்பரோடு கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். எல்லோரிடமும் அதே கேள்வி, பதிலுக்கு முன்கூட்டியே வகுத்த மதிப்பெண். உளவியலாளர் சாக்கெட்டும் அவருடைய கூட்டாளிகளும் பல பத்தாண்டு ஆய்வுகளை மறுபரிசீலனை செய்து 2022இல் வெளியிட்ட கட்டுரையில், பணித்திறனை முன்கூட்டியே கணிக்கும் முறைகளில் முதலிடம் பிடித்தது இப்படித் திட்டமிட்டு நடத்தும் நேர்காணல்தான். பதற்றம் தணிய வேண்டுமென்றால், வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து, இன்று என்ன கேட்கப்போகிறோம் என்று இரண்டு நிமிடம் விளக்கினாலே போதும்.

ஆகவே, செய்ய வேண்டியவை எளியவை. விண்ணப்பப் படிவத்திலிருந்து பொழுதுபோக்குக் கட்டத்தை நிறுவனங்கள் எடுத்துவிடலாம். அப்பாவின் தொழில் கேட்கும் கட்டத்தையும் அதோடு எடுக்கலாம். மாணவர் தானாகவே பாட்டைப் பற்றிப் பேசினால் கேட்டு ரசிக்கட்டும், மதிப்பெண் தாளில் எழுத வேண்டாம். மாணவர்களை நேர்காணலுக்குத் தயார்செய்யும் பயிற்சியாளர்கள் பொழுதுபோக்கு வரியை உருப்போட வைக்கும் நேரத்தில், தான் எழுதிய நிரலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக விளக்கப் பழக்கலாம். பிளஸ் டூ முடிய விளையாட்டுப் பீரியடையும் பாட்டுப் பீரியடையும் கணக்குக்குத் தாரைவார்க்கும் பள்ளிகளைக் கேள்வி கேட்காமல், இருபத்தோரு வயதில் வந்து உன் பொழுதுபோக்கு என்ன என்று ஒருவரைக் கேட்பதில் நேர்மையும் இல்லை. வேலையில் சேர்ந்த பிறகு, அடுத்த இருக்கைக்காரர் என்ன கேட்கிறார் என்று அறிந்துகொள்ள நாள் நிறைய இருக்கிறது. அங்கே கானாவும் கீர்த்தனையும் ராஜாவும் சண்டை போட்டுக்கொள்ளட்டும்; யாருடைய சம்பளமும் அதைப் பொறுத்து இருக்காது.