பள்ளியும் ஹள்ளியும்

ஆடிப்பெருக்கு நெருங்குகிறது, இந்த வாரம் ஒகேனக்கல் அருவியைப் பற்றித்தான் என்று பத்திக்காரர் போன வாரமே வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகவே தருமபுரியில் பேருந்தும் ஏறினார். பென்னாகரம் வருவதற்குள் பின்னிருக்கைப் பேச்சு காதில் விழுந்தது.

“மாரண்டஹள்ளி எல்லாம் கன்னடப் பேருடா. மொதல்ல தமிழ்ல மாத்தணும்.”

ஊர்ப்பெயரில் யார் கைவைத்தாலும் இவருக்குப் பொறுக்காது. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது தெரியும். திரும்பிவிட்டார். “தம்பி, நீங்க இப்பப் போற ஊரே கன்னடப் பேருதான்.”

“அப்படிங்களாண்ணா?”

‘ஹொகெ’ என்றால் புகை. நீர்த்திவலை புகையாக எழும் பாறை, ஒகேனக்கல். பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஹகரமாகத் திரியத் தொடங்கியது. நம் பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பூ ஹூ. பள்ளிதான் ஹள்ளி. தருமபுரிக்குத் தெற்கே சேலம் சாலையில் நல்லம்பள்ளி. பாலக்கோடு தாண்டினால் மாரண்டஹள்ளி. ஒரே மாவட்டத்தில் ஒரே சொல், இரண்டு உச்சரிப்பில்.

அருவி இனி அடுத்த வாரம்தான். இந்தச் சொல்லை விட மனம் வரவில்லை.

மதுரை அருகே மாங்குளம் குகைக் கல்வெட்டுகள் கிறிஸ்து பிறப்பதற்கு முன் வெட்டப்பட்டவை. அங்கே பள்ளி என்பது சமணத் துறவியரின் உறைவிடம். பள்ளியறையிலும் திருப்பள்ளியெழுச்சியிலும் அது படுக்கை, உறக்கம். துறவியர் தங்கிய இடத்திலேயே பாடமும் நடந்ததால் பள்ளிக்கூடம் பிறந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. சோழர் காலத்தில், இறந்த அரசருக்கு எழுப்பிய கோயில் பள்ளிப்படை. முஸ்லிம்கள் தொழுமிடம் பள்ளிவாசல். கேரளத்தில் ‘பள்ளிக்குப் போகிறேன்’ என்றால் தேவாலயத்துக்கோ மசூதிக்கோ போவதாகப் பொருள். இலங்கையில் சிங்களவர் சொல்லும் ‘பல்லிய’வும் அவ்விரண்டையும் குறிக்கும். தெலுங்கில் ‘பல்லெ’ சிற்றூர். கன்னடத்தில் ஹள்ளியும் சிற்றூர். தமிழ் அகராதியிலும் பள்ளிக்குச் சிற்றூர் என்ற பொருள் உண்டு. சமணர் தொழுத இடம், முஸ்லிம்கள் தொழும் இடம், கிறிஸ்தவர் தொழும் இடம் மூன்றுக்கும் பெயராக நின்ற இன்னொரு சொல்லைப் பத்திக்காரர் இதுவரை கண்டதில்லை.

இப்போது பல இடங்களில் ‘மாரண்டஅள்ளி’ என்று எழுதுகிறார்கள். வாயால் அப்படிச் சொல்வது இயல்பு; பாலக்கோட்டுப் பக்கத்து நாக்கு அது. எழுத்தில் ஹகரம் போய்விட்டால் பள்ளி அங்கே இருந்த தடயமும் போய்விடும்.

ஊர்ப்பலகை எழுதுபவர்களே, அந்த ஓர் எழுத்தை விட்டுவைத்து எழுதுங்கள்.