நடக்கிற நாயைக் காட்டி விற்கிறார்கள்

போன கிழமையும் அந்த வீடியோ வந்தது. எங்கட குழுவுக்குள் அது சுற்றி வருவது இது மூன்றாவது தடவை. முதல் பாதியில் ஒரு குட்டை நாய் பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு போகும். அடுத்த பாதியில் அதே நாய் நாலு காலிலும் தத்தித்தத்தி நடக்கும். முதலில் சோக இசை, பிறகு சந்தோச இசை. கீழே 'ஸ்டெம் செல் அதிசயம்' என்று ஒரு வரி, அதுக்கும் கீழே ஒரு தொலைபேசி இலக்கம். நாங்களும் அழுகிற முகங்களைப் போட்டோம், இதயம் போட்டோம், பகிர்ந்தோம்.

இந்தத் தடவை விஷயம் அதோட நிக்கவில்லை. கன்ரீனுக்குப் பின்னால் வளர்ந்த கறுப்பியை மூன்று மாதத்துக்கு முதல் ஒரு வாகனம் அடித்துப் போட்டுப் போனது. அன்றிலிருந்து அவளுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. வீடியோவைப் பார்த்த கையோடு ஒருத்தர் "கறுப்பிக்கும் இதைச் செய்விப்பம், ஆளுக்கு ஆயிரம் போடுங்கோ" என்று எழுதினார். ஒரே இரவில் காசு சேர்ந்தது. அந்தக் காசை யாருக்குக் குடுக்கப் போறம் என்று பார்ப்பதற்காகத்தான் நாங்கள் வாசிக்கத் தொடங்கினோம். வாசித்த பிறகு வந்த கோபம்தான் இந்தக் கட்டுரை.

(கலைப்பீடத்துக்காரருக்கு ஏன் இந்த விசர் வேலை என்று விஞ்ஞானபீட நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு கதையை யார் சொல்கிறார், எதை விட்டுவிட்டுச் சொல்கிறார் என்று பார்க்கத்தான் எங்களுக்கு மூன்று வருடமாகப் படிப்பிக்கிறார்கள்.)

இந்த மாதிரி வீடியோக்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு நிற்கிறது. கேம்பிரிட்ஜில் ரொபின் பிராங்க்ளின், நிக் ஜெஃப்ரி ஆகியோரின் குழு செய்தது. 'பிரெய்ன்' என்ற மருத்துவ சஞ்சிகையில் வந்தது. அவர்கள் ஆய்வுகூடத்தில் நாய்களின் முண்ணாணை வெட்டிப் பரிசோதிக்கவில்லை. வீட்டு நாய்கள், தற்செயலாக அடிபட்டு அல்லது முதுகெலும்புத் தட்டு விலகி, ஒரு வருடத்துக்கும் மேலாக நடக்க முடியாமல் இருந்தவை, மொத்தம் 34. இவற்றில் 23 நாய்களின் மூக்கின் உட்புறத்திலிருந்து கலங்களை எடுத்து, வளர்த்து, காயம் பட்ட இடத்தில் செலுத்தினார்கள். மிச்சம் 11 நாய்களுக்கு கலம் இல்லாத வெறும் திரவம். எந்த நாய்க்கு எது போனது என்று வளர்ப்பவர்களுக்கும் தெரியாது, நடையை அளந்தவர்களுக்கும் தெரியாது. பிறகு மாதாமாதம் ட்ரெட்மில்லில் தாங்கிப் பிடித்து நடக்கவிட்டு அளந்தார்கள். மிக நேர்மையான வேலை. இதில் எங்களுக்கு ஒரு மனக்குறையும் இல்லை.

முடிவு என்ன? கலம் போன நாய்களில் முன்னங்காலும் பின்னங்காலும் ஒன்றோடொன்று ஒத்து அசைவது கூடியது. மற்றக் கூட்டத்தில் அப்படி இல்லை. ஆனால் மூளைக்கும் பின்னங்காலுக்கும் இடையிலான நீண்ட தொடர்பு, குழுவாகப் பார்க்கும்போது, திரும்பி வரவில்லை. சலப்பையிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. காயத்துக்கு மேலும் கீழும் முண்ணாணுக்குள்ளேயே குறுகிய தூர இணைப்புகள் புதிதாக உண்டாகியிருக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்களின் விளக்கம். இது பெரிய விஷயம். ஆனால் பத்திரிகைத் தலைப்புகளில் அது 'முடமான நாய்கள் திரும்ப நடக்கின்றன' என்று மாறியது. அந்த மூக்குக் கலங்கள் சரியாகச் சொன்னால் ஸ்டெம் செல்லே இல்லை. நுகர்ச்சி நரம்புகளைச் சுற்றி நிற்கிற ஒரு வகைத் துணைக் கலங்கள். யாருக்குக் கவலை? 'ஸ்டெம் செல்' என்றால் விற்கும்.

இன்னொன்றை இந்த வீடியோக்காரர் சொல்லவே மாட்டார்கள். நாய் நடப்பதற்கு மூளை முழுக்கத் தேவையில்லை. முண்ணாணின் கீழ்ப்பகுதியிலேயே நடையின் தாளத்தை உண்டாக்கும் நரம்பு வலை இருக்கிறது. பின்னங்காலில் வலியே தெரியாத சில நாய்கள், மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தால், ஒரு கலமும் ஏற்றாமலே தள்ளாடி நடக்கத் தொடங்கும். தட்டு விலகின நாய்களில், வலியுணர்ச்சி மிச்சம் இருந்தால், நேரத்துக்குச் சத்திரசிகிச்சை செய்தால் பத்தில் ஒன்பது நடக்கும். வலியுணர்ச்சி போனவையிலும் ஏறக்குறையப் பாதி நடக்கும். அப்ப, சத்திரசிகிச்சையும் செய்து, பயிற்சியும் கொடுத்து, ஸ்டெம் செல்லும் ஏற்றி, பிறகு நடக்கிற நாயை வீடியோ எடுத்துப் போட்டால் அதில் எதை நம்புறது? அந்த 11 நாய்கள், வெறும் திரவம் போன நாய்கள், எந்த விளம்பரத்திலும் இல்லை.

வீடியோவில் வருகிற குட்டை நாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது டாஷ்ஹண்ட். நீள முதுகு, கட்டைக் கால். அழகு என்று மனிதர் தெரிவு செய்து பெருக்கிய உடம்பு. அந்தக் கட்டைக் காலைக் கொடுக்கிற மரபுக் கோளாறே முதுகுத் தட்டையும் இளவயதில் கெட்டியாக்கி உடைய வைக்கிறது. டாஷ்ஹண்டுகளில் ஐந்தில் ஒன்றுக்காவது வாழ்நாளில் இந்த நோய் வரும் என்கிறார்கள். உடையிற மாதிரி ஒரு நாயை உண்டாக்கி விற்று, உடைந்த பிறகு ஒட்டுவதற்கு இன்னொரு பொருளையும் விற்பது. இதில அதிசயம் எங்க இருக்கு?

நாய் தானே, விடுங்கோ என்று சொல்பவர்களுக்கு. இது நாயோடு நிற்கிற கதை இல்லை. அந்த 34 நாய்களும் மனிதருக்கான முன்னோட்டமாகத்தான் பார்க்கப்பட்டன. ஜப்பானில் 2018 டிசம்பரில் முண்ணாண் காயத்துக்கான ஒரு ஸ்டெம் செல் சிகிச்சைக்கு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள். ஆதாரம், 13 நோயாளிகள். ஒப்பிடுவதற்கு வேறு கூட்டமே இல்லை. அதுவும் அடிபட்டுக் கொஞ்ச நாளில், உடம்பு தானாகவே கொஞ்சம் தேறுகிற காலத்தில் ஏற்றிய கலங்கள். விலை ஏறக்குறைய ஒன்றரைக் கோடி யென். 'நேச்சர்' சஞ்சிகையே இது அவசரம் என்று எழுதியது. கேம்பிரிட்ஜ் குழு நாய்க்குக் காட்டிய கவனத்தை அங்கே மனிதருக்குக் காட்டவில்லை.

வன்னியில் ஷெல் துண்டு முதுகில் ஏறி, பதினைந்து வருடத்துக்கு மேலாகப் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருப்பவர்கள் எங்கட ஊர்களில் இருக்கிறார்கள். எங்களில் ஒருத்தியின் மாமா அப்படி. இந்த வீடியோ அவருடைய போனுக்கும் போயிருக்கு. அனுப்பினவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். அவர் அந்த இலக்கத்துக்கு எடுத்தும் பார்த்தார். "மண்டபத்தடிக் காணியை வித்தா ஏலுமோ?" என்று வீட்டில் கேட்டிருக்கிறார்.

மாமாவுக்கு உண்மையில் என்ன வேணும் என்று வீடியோக்காரன் கேட்கவில்லை. அமெரிக்காவில் கிம் அன்டர்சன் கேட்டார். முண்ணாண் காயமடைந்த 681 பேரிடம் கேட்ட அந்தக் கணக்கெடுப்பு 2004இல் வெளிவந்தது. கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்கள் முதலில் கேட்டது கையின் இயக்கத்தை. இடுப்புக்குக் கீழே இழந்தவர்கள் முதலில் கேட்டது பாலுறவு வாழ்வை. சலம், மலம் கட்டுப்படுவதும் இரண்டு கூட்டத்துக்கும் முக்கியம். நடை முதலாவது இடத்தில் இல்லை. நடக்கிற கால்தான் கமராவில் தெரியும், சலப்பை தெரியாது என்பதற்காக நாங்கள் எல்லாரும் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"நம்பிக்கையைக் கெடுக்கிறீங்கள்" என்று குழுவில் எங்களுக்கு ஏச்சு விழுந்தது. நாங்கள் ஆராய்ச்சிக்கு எதிரி இல்லை. இன்னும் 34 நாய், இன்னும் 340 நாய் என்று பொறுமையாகச் செய்கிறவர்கள் செய்யட்டும். வெறும் திரவம் போன கூட்டத்தின் கணக்கையும் சேர்த்துக் காட்டட்டும். காசு வாங்கிக்கொண்டு 'பரிசோதனை' செய்கிறவனிடம் மட்டும் நாங்கள் கேட்கிறோம்: ஏற்றாத நாய்கள் எத்தனை, அவை என்னவாயின? அந்த இலக்கத்துக்கு நாங்களும் அழைத்துக் கேட்டோம். "ஒவ்வொரு கேஸும் வேற வேற தம்பி" என்றார் ஒருவர். முற்பணம் எவ்வளவு என்பதை மட்டும் உடனே சொன்னார்.

சேர்ந்த காசில் கறுப்பியை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். பின்னங்கால் விரலை அழுத்திப் பார்த்தார். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்று மாதம் போய்விட்டது, இனி உணர்ச்சி வருவது கஷ்டம் என்று நேராகவே சொன்னார். பிறகு வயிற்றைப் பிடித்துச் சலம் எடுப்பது எப்படி, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது எப்படி என்று அரை மணித்தியாலம் இருந்து காட்டித் தந்தார். அதுக்கு அவர் காசு வாங்கவில்லை. மிச்சக் காசில் பி.வி.சி. குழாயும் இரண்டு சைக்கிள் சில்லும் வாங்கி ஒரு வண்டில் கட்டினோம். முதல் வண்டில் இடப்பக்கம் சாய்ந்து விழுந்தது, இரண்டாவது பரவாயில்லை.

சலம் எடுக்க ஒரு நாளைக்கு மூன்று தடவை ஆள் வேணும். இப்ப எங்களிடம் ஆறு பேர்தான் இருக்கிறோம். சோதனைக் காலத்தில் காலை நேரத்துக்கு ஆள் இல்லை. வீடியோவுக்கு இதயம் போட்ட நாற்பது பேரில் யாராவது வரலாம். கையுறை நாங்கள் தருவம்.