கலாசாலையும் தொழிற்சாலையும்

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை பிரயாணம் செய்வோர், ஏரிகளும் வயல்களுமாயிருந்த பூமியில் இன்று தொழிற்சாலைகள் அடுத்தடுத்து நிற்பதைக் காண்பார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார்களும், சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கானின் ஐபோன்களும், ஒரகடத்தில் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்களும் உற்பத்தியாகின்றன. இங்கே யந்திரங்கள் தனித்து வேலை செய்வதில்லை. ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொண்டே இயங்குகின்றன. செய்தி தடைப்பட்டால் வேலையும் நிற்கும். இச்செய்திப் போக்குவரத்தின் இலக்கணமே நெட்வொர்க் சாஸ்திரம்.

இச்சாலையை ஒட்டிய எஞ்சினீயரிங் கலாசாலைகளிலும் இது பாடமாயிருக்கிறது. ஆனால் பரீக்ஷையில் ஏழு அடுக்குகளின் பெயர்களை வரிசையாக ஒப்பித்தால் மார்க்கு கிடைத்துவிடுகிறது. ஐம்பது யந்திரங்களுக்கு விலாசம் வகுத்துக் கொடு என்றால் மாணாக்கர் பலர் திகைக்கின்றனர். 64 விலாசங்கள் கொண்ட தொகுதி வேண்டும், அதில் 2 நீங்க 62 பயன்படும் என்பது சிறு கணக்கே. கையால் செய்து பார்த்தவனுக்கு அது மறவாது. மனனம் செய்தவனுக்கு நிற்காது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

ஏதேனும் ஒரு கம்பெனியின் கருவியை இயக்கப் பழகினாலே உத்தியோகம் கிடைக்குமே, மூலதத்துவம் எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். இவ்வாதத்தை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. கருவிகள் சில ஆண்டுகளில் மாறிவிடும். செய்தியைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் விலாசமும் எண்ணும் பொறித்து அனுப்பி, வழியில் தவறியதை மறுபடி வரவழைக்கும் முறையோ, ஸெர்ப், கான் என்னும் இரு அமெரிக்க நிபுணர்கள் 1974-ல் வகுத்த அடிப்படையில் இன்றும் நிற்கிறது.

இதே வட்டாரம் கற்ற பாடமும் ஒன்றுண்டு. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை, வரித் தகராறுக்கும் கம்பெனி வியாபாரம் கைமாறியதற்கும் இடையில் சிக்கி, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஜீவனம் இழந்து தவித்தன. அத்தொழிலாளர்மீது குற்றமேதுமில்லை. ஆனால், பிறர் வகுத்ததைப் பூட்ட மட்டுமே அறிந்த தேசம் பிறர் சௌகரியத்தையே நம்பி வாழவேண்டியிருக்கும் என்பதை அச்சம்பவம் தெளிவாக்கிற்று.

நம் நாட்டாருக்கு இச்சாஸ்திரம் எட்டாததல்ல. 1986-ல் எர்நெட் திட்டம் தொடங்கியபோது, சென்னை ஐ.ஐ.டி. முதலிய ஸ்தாபனங்களின் நிபுணர்கள் நெட்வொர்க்கை நிர்மாணித்தே அதைக் கற்றனர். பொது ஜனங்களுக்கு இன்டர்நெட் திறக்கப்பட்டது 1995 ஆகஸ்டு 15-ல்தான். அன்று சிலருக்குக் கிட்டிய பயிற்சி இன்று கிராமத்து மாணாக்கருக்கும் கிட்டவேண்டும் என்பதே நம் கோரிக்கை.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பழைய கம்ப்யூட்டர்கள் நான்கும், ஒரு ஸ்விட்சும், சில கேபிள்களும் போதும். பழுதாக்கி வைத்த நெட்வொர்க் ஒன்றை மாணாக்கன் சீர்படுத்துவதையே சர்வகலாசாலை பரீக்ஷையாக வைக்கட்டும். உபாத்தியாயர்கள் தத்துவத்தைத் தமிழில் விளக்கத் தயங்காதிருக்கட்டும். தொழிற்சாலை அதிகாரிகள் தங்கள் எஞ்சினீயர்களை மாதம் ஒருமுறையேனும் பக்கத்துக் கலாசாலைக்கு அனுப்பட்டும். நமது நிலத்தையும் நீரையும் பெற்றுக்கொண்டவர்களிடம் இவ்வளவு கேட்பது அதிகமாகாது.

தொழிற்சாலைகள் இன்று வரும், நாளை போகும். நம் இளைஞர் கற்ற வித்தையை எவரும் மூட்டை கட்டிக் கொண்டுபோக முடியாது. சர்க்காரும் சர்வகலாசாலையும் இவ்விஷயத்தில் காலதாமதமின்றி முயல்வார்களென்று நம்புகிறோம்.